பிறவிக் குணமா? இருப்பிடக் குணமா?

(ஒளியுமிழும் அணுக்களையும் மனிதன் பின்னிய புதுப்பொருள்களையும் பற்றி வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் ஒளியைப் பற்றியதாகும். 'குவாண்டம்' என்றும் 'மெட்டாமெட்டீரியல்' என்றும் நோட்டீசில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இது நமக்கு எட்டாத சங்கதி, பெரிய படிப்புப் படித்தவர்கள் தங்களுக்குள்ளாகவே பேசிக்கொள்ள வேண்டியது என்று உங்களில் சிலர் நினைத்திருக்கக்கூடும். நாமும் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்ல. பிழைப்பைப் பார்த்துக்கொண்டே, இரவு நேரத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறோம். ஆனால், 'இது உனக்கு எட்டாது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை அப்படியே ஒப்புக்கொண்டு கைகட்டி நிற்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. அதுபோலவே நாம் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் 'இது எப்படித் தெரியும்?' என்று மனதிற்குள் கேட்டுக்கொண்டே வாருங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாமே.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஓர் அணு ஒளியை எவ்வளவு நேரம் தனக்குள் வைத்திருந்து வெளியே விடுகிறது என்பது அந்த அணுவின் பிறவிக் குணமா? அல்லது அது இருக்கும் இடத்தின் குணமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புறப்பட்டவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

ஒளி பிறக்கும் விதம்

எரிகிற அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். ஜுவாலை சட்டென்று மஞ்சளாக மாறும். சில வருஷங்களுக்கு முன்வரை நமது ரஸ்தாக்களில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கின் நிறமும் அதுவே. உப்பில் இருப்பது சோடியம். அந்த சோடியம் அணு நெருப்பிலிருந்து கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொள்ளுகிறது. வாங்கியதைச் சிறிது நேரம் வைத்திருக்கிறது. பிறகு அதை ஒளியாக வெளியே விட்டுவிடுகிறது. ஓர் அணு ஒரு தடவை விடும் ஒளி ஒரே ஒரு துளி. இதைத்தான் போட்டான் என்று சொல்லுகிறார்கள். நாம் ஒளித்துளி என்றே சொல்லிக்கொள்ளலாம்.

சோடியம் அணு அந்தச் சக்தியை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது? சராசரியாக 16 நானோ செகண்டு. ஒரு செகண்டை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோ செகண்டு. அந்த நேரத்தில் ஒளிகூட ஓர் அடி தூரம்தான் போகமுடியும்.

இவ்வளவு சிறிய காலத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். மின்வெட்டுப் போன்ற ஒரு க்ஷண நேர லேசர் ஒளியைப் பொருளின்மேல் அடித்து, அதே க்ஷணத்தில் மின்சாரக் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். திரும்பிவரும் ஒளித்துளி எண்ணும் கருவியில் பட்டதும் கடிகாரம் நிற்கும். இப்படி லட்சக்கணக்கான தடவை செய்து, எந்தெந்த நேரத்தில் எத்தனை துளி வந்தது என்று கட்டம் போட்டு எழுதினால் சராசரிக் காலம் தானாகத் தெரிந்துவிடும். ஒரு துளி எப்போது வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் லட்சம் துளிகளின் சராசரி என்னவென்பதைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். 1917-ம் வருஷத்தில் ஐன்ஸ்டீன் இந்த ஒளியுமிழ்தலுக்கு ஒரு கணக்கு எழுதினார். 1927-ம் வருஷத்தில் டிராக் என்னும் இங்கிலீஷ்காரர் அந்தக் கணக்கு ஏன் வருகிறது என்பதைக் குவாண்டம் சாஸ்திரத்திலிருந்து காட்டினார்.

'இயற்கை' என்ற பூட்டு

இந்தச் சராசரிக் காலத்திற்குப் பண்டிதர்கள் வைத்த பெயர் 'இயற்கை ஆயுள்' என்பதாகும். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'இயற்கை' என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு என்ன நடக்கும்? கேள்வி நின்றுபோகும். அணு பிறக்கும்போதே அதன் ஆயுளும் கூடவே பிறந்தது, அதை மாற்ற யாராலும் ஆகாது என்றே பெரும்பாலும் எண்ணப்பட்டது. இதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அளந்த இடத்திலெல்லாம் அதே காலம் வந்தது. ஆனால் அளந்த இடமெல்லாம் ஒரே மாதிரியான இடம், அதாவது சுற்றிலும் ஒன்றுமில்லாத வெட்டவெளி என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

கிணற்றுக்குள்ளேயே மீனைப் பார்த்தவன், 'கிணற்றில் இருப்பதுதான் மீனின் இயற்கை' என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

பூட்டைத் திறந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த எட்வர்டு பர்செல் என்பவர். 1946-ம் வருஷத்தில் அவர் வெளியிட்ட குறிப்பு ஒரு பக்கம்கூட இராது. அவர் எடுத்துக்கொண்டது அணுவின் நடுக்கரு. அது காந்தத்தில் கிடந்து ரேடியோ அலையாகச் சக்தியை விடவேண்டும். வெட்டவெளியில் அது தானாக விடுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டார். 5-க்குப் பின்னால் 21 சைபர் போட்டால் எத்தனையோ அத்தனை செகண்டு வந்தது. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி வருஷம் என்கிறார்கள். அந்த வயதைப்போலப் பதினாயிரம் மடங்குக்கும் மேல் இது. அவ்வளவு காலம் காத்திருக்க யாரால் ஆகும்? ஆனால் அதே பொருளோடு மிகச் சிறிய உலோகத் துணுக்குகளைக் கலந்துவிட்டால், அந்தக் காலம் சில நிமிஷங்களாகக் குறைந்துவிடும் என்றும் அவரது கணக்குக் காட்டியது. நடுக்கரு மாறவில்லை. பக்கத்தில் இருப்பதுதான் மாறியது. பிரபஞ்சத்தின் வயதையும் மிஞ்சிய காத்திருப்பு, ஒரு சட்டிச் சோறு வேகும் நேரமாகச் சுருங்கிற்று!

இது கணக்கு, பரீக்ஷை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். நியாயமே. பரீக்ஷைக்கும் வருவோம். அதற்கு முன் இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

வீணைக் குடமும் கதவுகளும்

ஒரு கம்பியை இரண்டு கட்டைக் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். சத்தம் மெலிந்து கேட்கும். ஆனால் கம்பி நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அதே கம்பியை வீணையில் கட்டி மீட்டினால் சத்தம் நிறைவாகக் கேட்கும். கம்பியோ சீக்கிரம் ஓய்ந்துவிடும். என்ன காரணம்? கம்பியின் சக்தியை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கப் பலகையும் குடமும் இருக்கின்றன. கம்பி ஒன்றே. மாறியது குடம்.

அணுவும் அப்படியே. அது சக்தியை விடவேண்டுமானால் வாங்கிக்கொள்ள வெளியே ஒரு வழி இருக்கவேண்டும். கண்ணைக் கட்டிவிட்ட ஒருவனை ஒரு கொட்டகைக்குள் விட்டால் அவன் சுவரைத் தடவிக்கொண்டு கதவைத் தேடுவான். கதவு ஒன்றானால் நேரமாகும். நூறு கதவானால் உடனே வெளியே வந்துவிடுவான். கதவே இல்லாவிட்டால் உள்ளேயே கிடப்பான். எந்த க்ஷணத்தில் வெளியே வருவான் என்பதை முன்கூட்டிச் சொல்லமுடியாது. ஆனால் சராசரிக் காலத்தைக் கதவுகளின் எண்ணிக்கை தீர்மானித்துவிடும். அணுவைச் சுற்றியுள்ள இடத்தில் ஒளி போகக்கூடிய வழிகள் எத்தனை என்பதுதான் இந்தக் கதவுக் கணக்கு.

பரீக்ஷைக்கு வருவோம். 1960-க்குப் பிந்திய வருஷங்களில் ஜெர்மனியில் கார்ல் டிரெக்ஸ்ஹேஜ் என்பவர் யூரோப்பியம் என்னும் உலோகம் சேர்ந்த சாயத்தை எடுத்துக்கொண்டார். அது சிவப்பாக ஒளிரும். பளபளப்பான உலோகப் பரப்பின்மேல் கொழுப்பு அமிலப் படலத்தை, ஒரு படலம் ஒரே மூலக்கூறு கனம் இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, அதன்மேல் சாயத்தை வைத்தார். இதனால் சாயத்துக்கும் உலோகக் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தைத் தம் இஷ்டப்படி கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. தூரம் மாற மாற, சாயம் ஒளிரும் காலம் ஏறியும் இறங்கியும் அலைபோல் ஆடிற்று! அதே சாயந்தான், அதே அணுதான். கண்ணாடி சற்று நகர்ந்தது, 'இயற்கை ஆயுள்' மாறிவிட்டது.

பிறகு 1983-ல் பாரிஸ் நகரத்தில் செர்ஜ் ஹரோஷும் அவரது கூட்டாளிகளும் அணுக்களை ஓர் உலோகக் கூட்டுக்குள் அனுப்பி, அவை சக்தியை வேகமாக விடுவதைக் காட்டினார்கள். 1985-ல் அமெரிக்காவில் டேனியல் கிளெப்னரும் அவரது கூட்டாளிகளும் நேர்மாறாகச் செய்தார்கள். இரண்டு உலோகத் தகடுகளை, அணு விடவேண்டிய அலைக்கு இடம் கொடாதபடி நெருக்கமாக வைத்து, நடுவே சீசியம் அணுக்களை ஓடவிட்டார்கள். கதவு அடைபட்டது. அணுவின் ஆயுள் குறைந்தது 20 மடங்கு நீண்டது.

ஆக, கதவைத் திறக்கவும் மனிதனால் முடியும், அடைக்கவும் முடியும் என்று ருசுவாகிவிட்டது. அடுத்த கேள்வி: வேண்டிய அளவுக்குக் கதவு வைத்து ஒரு பொருளையே கட்டமுடியுமா?

பின்னற்பொருள்

ஒரே மூங்கில்தான். பிளந்து ஒருவிதமாகப் பின்னினால் கூடையாகிறது. இன்னொருவிதமாகப் பின்னினால் முறமாகிறது. இடைவெளி விட்டுப் பின்னினால் சல்லடையாகிறது. மாவைச் சலிப்பது மூங்கிலின் குணமல்ல, பின்னலின் குணம். மெட்டாமெட்டீரியல் என்பதும் இதுவே. கண்ணாடியும் வெள்ளியும் ஒளியிடம் நடந்துகொள்ளும் விதம் அவற்றின் அணுக்களால் வருவது. ஆனால் ஒளியின் அலை நீளத்தைவிடச் சிறியதாக ஒரு மாதிரியை அமைத்து, அதையே திரும்பத் திரும்ப அடுக்கினால், ஒளிக்கு அந்த மாதிரி தனித்தனியாகத் தெரியாது. முழுவதும் ஒரு புதுப்பொருளாகவே தெரியும். ஆதலால் நாம் இதைப் பின்னற்பொருள் என்று சொல்லுவோம்.

இதற்கு முன்னோடியான ஒரு காரியம் நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1898-ம் வருஷத்தில் சணல் நாரை முறுக்கிக் கட்டுக் கட்டாக வைத்து, அதன் வழியாக மின்சார அலைகளை அனுப்பினார். சணலை எந்தப் பக்கம் முறுக்கினாரோ அதைப் பொறுத்து அலை அதிரும் திசையும் திரும்பிற்று. சணலுக்கு அந்தக் குணம் பிறவியில் இல்லை. முறுக்கினால் வந்தது.

1967-ல் ரஷ்யாவில் விக்டர் வெசெலாகோ என்பவர், ஒளி வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் வளைந்து செல்லும் பொருள் இருந்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் கணக்கிட்டார். அப்படியொரு பொருள் எங்கும் அகப்படவில்லை. 2000-க்குப் பிறகு, இங்கிலாந்தில் ஜான் பெண்ட்ரியின் யோசனைகளைக் கொண்டு, கலிபோர்னியாவில் டேவிட் ஸ்மித்தும் அவரது கூட்டத்தாரும் செம்பு வளையங்களையும் செம்புக் கம்பிகளையும் வரிசையாக அடுக்கி, ரேடியோ அலைக்கு நெருக்கமான மைக்ரோ அலைகளை அப்படியே எதிர்ப்பக்கம் வளையச் செய்தார்கள். பூமியில் அகப்படாத பொருளை மனிதன் பின்னிவிட்டான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இதைச் செய்வது கஷ்டம். அதன் அலை நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஆதலால் மிக மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வெள்ளிப் படலம் ஒன்று, கண்ணாடி போன்ற பொருள் ஒன்று, மறுபடியும் வெள்ளி ஒன்று என்று, இட்லிக்கும் துணிக்கும் நடுவே ஈரம் இருப்பதுபோல மெல்லியதாய், மாறி மாறி அடுக்குவார்கள். இந்த அடுக்கு படலத்தின் நீளவாக்கில் உலோகம்போல நடக்கும். குறுக்குவாக்கில் கண்ணாடிபோல நடக்கும். ஒரே பொருள், பக்கத்துக்கு ஒரு குணம்!

இதனால் என்ன லாபம்? சாதாரணக் கண்ணாடிக்குள் ஒரு வரம்புக்கு மேற்பட்ட நுண்ணிய நெளிவுள்ள அலைகள் போகமாட்டா. தொட்ட இடத்திலேயே செத்துவிடும். இந்த அடுக்குப் பொருளுக்குள் அவையும் போகும். அவ்விதமாகப் போகக்கூடிய ஒவ்வொரு நெளிவும் ஒரு புதுக் கதவு. குற்றமற்ற அடுக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால் கதவுகளுக்கு எண்ணிக்கையே இல்லை என்று விடை வரும். ஆனால் உண்மையான படலத்துக்குக் கனம் உண்டு, வெள்ளி ஒளியைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். ஆதலால் கதவுகள் மிக அதிகமாகுமேயொழிய எல்லையற்றுப் போவதில்லை. காகிதம் எல்லையில்லை என்று சொல்லும். பொருள் எல்லை காட்டும்.

தோஷமுள்ள வைரம்

இந்த அடுக்கின்மேல் எதை வைப்பது? தனித்தனித் துளியாக ஒளியை விடக்கூடிய பொருளை வைக்கவேண்டும். அதற்குக் குவாண்டம் ஒளியுமிழி என்று பெயர். ஒன்று, குவாண்டம் புள்ளி என்னும் நுண்ணிய பளிங்குத் துகள். இதைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கு 2023-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தத் துகளின் நிறத்தை அதன் பருமனே தீர்மானிக்கிறது.

இன்னொன்று வைரத்தில் இருக்கிறது. வைரம் என்பது கரி அணுக்களின் ஒழுங்கான அடுக்கு. அதில் ஒரு கரி அணுவுக்குப் பதிலாக நைட்ரஜன் அணு ஒன்று புகுந்து, அதன் பக்கத்து இடம் காலியாகவும் கிடந்தால், அந்த ஜோடி பச்சை ஒளியை வாங்கிக்கொண்டு சிவப்பு ஒளியைத் துளித்துளியாக விடுகிறது. இதன் ஆயுள் வைரக்கட்டிக்குள் சுமார் 12 நானோ செகண்டு. நம்மூரில் வைரத்தில் தோஷம் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விஞ்ஞானியோ அந்தத் தோஷத்தைத்தான் விலைகொடுத்துத் தேடுகிறான். தோஷமற்ற வைரம் அவனுக்கு வெறும் கல்.

ஒரு தடவைக்கு ஒரே துளிதான் வருகிறது என்பதை எப்படி அறிவது? ஒளியைப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் அனுப்பும் ஒரு கண்ணாடியை நடுவில் வைத்து, இரண்டு பக்கத்திலும் எண்ணும் கருவி வைப்பார்கள். ஒரே துளியானால் அது ஏதாவது ஒரு பக்கந்தான் போகமுடியும். இரண்டு கருவியும் ஒரே க்ஷணத்தில் ஒலித்தால் அது ஒற்றைத் துளியல்ல. இந்த வழியில் 1977-ல் கிம்பிள், டேகனே, மேண்டல் என்ற மூவர் சோடியம் அணுக்களைக் கொண்டு, ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு துளி விடுவதில்லை என்று காட்டினார்கள்.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். 2012-ல் நியூயார்க் நகரத்தில் கிருஷ்ணமூர்த்தி, வினோத் மேனன் முதலானவர்களும், அவர்களோடு சேர்ந்த ஜூபின் ஜேக்கப், நரிமனோவ் ஆகியவர்களும், வெள்ளியும் டைட்டானியம் டை ஆக்சைடும் மாறி மாறி அடுக்கிய பொருளின் பக்கத்தில் குவாண்டம் புள்ளிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த அடுக்கு ஒரு நிறத்துக்குச் சாதாரணப் பொருளாகவும், இன்னொரு நிறத்துக்குக் கதவு மலிந்த பொருளாகவும் இருந்தது. நிறம் அந்த எல்லையைத் தாண்டியதும் புள்ளிகளின் ஆயுள் குறைந்தது. 2014-ல் சான் டியேகோவில் வெள்ளியையும் சிலிக்கனையும் அடுக்கி, அதில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டி, ஒரு சாயத்தின் ஒளியுமிழும் வேகத்தை 76 மடங்கு உயர்த்தினார்கள்.

அந்த ஒளி எங்கே போயிற்று?

இந்த இடத்தில் கை தட்டிவிட்டு எழுந்துபோய்விடலாம். ஆனால் நாம் முதலிலேயே சொன்ன கேள்வியை மறக்கக்கூடாது. ஆயுள் குறைந்தது சரி. அந்த ஒளி எங்கே போயிற்று?

கொட்டகைக்கு நூறு கதவு வைத்தோம் என்றோமே, அந்தக் கதவுகளெல்லாம் தெருவுக்குத்தான் போகின்றனவா? சில கதவுகள் ஒரு பாழ்ங்கிணற்றுக்குப் போகலாமல்லவா? உள்ளேயிருந்தவன் சீக்கிரம் காணாமற்போனான் என்றால் அவன் வீடுபோய்ச் சேர்ந்தான் என்று அர்த்தமாகுமா? உலோகத்துக்கு மிக நெருக்கமாக ஒளியுமிழியை வைத்தால், அதன் சக்தி உலோகத்துக்குள் சென்று வெறும் சூடாகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் 'வேகம் கூடிற்று' என்று காட்டும். ஒளியை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. அது ஒளிர்ந்ததல்ல, அணைந்தது. விளக்கு சீக்கிரம் எண்ணெய் தீர்ந்து எரிந்ததற்கும், எண்ணெய்ச் சட்டியே ஓட்டையாய்ப் போனதற்கும் வித்தியாசம் இல்லையா?

இன்னொரு சங்கடமும் உண்டு. புதுக் கதவுகளின் வழியாகப் போன ஒளி அடுக்குக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். அந்த நுண்ணிய நெளிவு வெளிக்காற்றில் பிழைக்காது. ஆதலால்தான் 2014-ல் செய்தவர்கள் பள்ளம் வெட்டினார்கள். பள்ளம், உள்ளே அகப்பட்ட ஒளியை வெளியே தள்ளிவிடும் வாய்க்கால்.

இந்தக் குறையைச் சொன்னவர்கள் யார்? இந்த வித்தையின் விரோதிகளா? அல்ல. இந்த வேலையைச் செய்கிறவர்களேதான். ஆயுள் குறைந்ததை மாத்திரம் காட்டி வெற்றி என்று சொல்லக்கூடாது, வெளியே வந்த துளிகளையும் எண்ணிக்காட்ட வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே நிபந்தனை போட்டுக்கொண்டார்கள். பிறகு வழியும் தேடினார்கள். ஒளியுமிழிக்கும் உலோகத்துக்கும் நடுவே அளந்து இடைவெளி விட்டார்கள். வெள்ளிக்குப் பதில் வேறு பொருள் பார்த்தார்கள். துளைபோடும் அலகுகளுக்குப் பொன்னிறமாகப் பூசுவார்களே, அந்த டைட்டானியம் நைட்ரைடைக் கொண்டு 2015-ல் அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையில் ஓர் அடுக்குச் செய்து, அதன்மேல் தோஷமுள்ள வைரத் துணுக்குகளை வைத்தார்கள். ஆயுளும் குறைந்தது, வெளியே வந்து எண்ணப்பட்ட ஒற்றைத் துளிகளும் கூடின. உலோகமே வேண்டாமென்று சிலிக்கன் போன்ற பொருள்களைச் செதுக்கிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன?

ஒற்றைத் துளி ஒளியால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1984-ல் சார்லஸ் பென்னட், கில்ஸ் பிராசார்டு என்ற இருவர், ஒற்றை ஒளித்துளிகளைக் கொண்டு ரகசியச் சாவி அனுப்பும் முறையை வகுத்தார்கள். ஒரு துளியை நடுவே ஒருவன் திருடிப் பார்த்தால் அதன் நிலை கெட்டுப்போகும், திருட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கு நல்ல ஒளியுமிழி வேண்டும். 12 நானோ செகண்டு காத்திருக்கும் ஒன்று, எவ்வளவு முயன்றாலும் செகண்டுக்கு எட்டுக் கோடித் துளிக்குச் சற்று மேல் விடமுடியாது. ஆயுளைக் குறைத்தால்தான் அந்த எண்ணிக்கை உயரும். இதற்காகத்தான் இவ்வளவு பாடு.

இதைக் கேட்டுவிட்டு ஒரு தோழர், "அணுவுக்கே பிறவிக் குணம் இல்லை என்று ருசுவாகிவிட்டதே, மனிதனுக்குப் பிறவியில் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இதைவிடச் சாக்ஷி வேண்டுமா?" என்று கேட்கக்கூடும். வேண்டாம், தோழரே! அந்த வழியில் நாம் போகவேண்டாம். மனிதனுக்கு மனிதன் சமம் என்பதற்கு யூரோப்பியம் வந்து சாக்ஷி சொல்லவேண்டிய அவசியமில்லை. அணுவைக் காட்டி மனிதனுக்கு நியாயம் தேட ஆரம்பித்தால், நாளைக்கு இன்னொருவன் வேறோர் அணுவைக் காட்டி அநியாயத்துக்கும் நியாயம் தேடுவான். அன்றியும், அணுவுக்குப் பிறவிக் குணமே இல்லை என்பதும் சரியல்ல. எந்த நிறத்தில் ஒளிரும் என்பது பெரும்பாலும் அதன் சொந்தக் குணமே. எவ்வளவு நேரத்தில் ஒளிரும் என்பதில்தான் இடத்துக்கும் பங்கு இருக்கிறது. எது எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்லவேண்டும். அளக்காமல் எல்லாம் பிறவி என்பதும் தப்பு, அளக்காமல் எல்லாம் இடம் என்பதும் தப்பு.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. 'இயற்கை' என்று பெயர் வைத்த மாத்திரத்தில் கேள்வி கேட்பதை விட்டுவிடக்கூடாது என்பதே அது.

மற்றொன்று. 'குவாண்டம்' என்ற சொல்லை இப்போது மந்திரம்போல் உபயோகிக்கிறார்கள். குவாண்டம் சக்தி ஏற்றிய டாலர், வளையல், தண்ணீர்ச் செம்பு என்று விற்கிறார்கள். 2021-ம் வருஷம் டிசம்பரில் நெதர்லாந்து தேசத்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள், சக்தி தரும், உடலைக் காக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட மாலை, வளையல் முதலான பத்துப் பொருள்களைச் சோதித்து, அவற்றிலிருந்து உடம்புக்குத் தீங்கான கதிர்கள் வருவதாகச் சொல்லி, அணியவேண்டாம் என்று எச்சரித்தார்கள். காக்கும் என்று கட்டிக்கொண்டதே தீங்கு செய்வதாய் முடிந்தது! அந்த வியாபாரியிடம் போய், "எத்தனை துளி? எந்தக் கருவியால் எண்ணினாய்? டாலர் இல்லாமலும் எண்ணிப் பார்த்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். கடையை மூடிவிடுவான். நியூயார்க்கில் அடுக்குச் செய்தவரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து முன்னால் வைப்பார். உண்மைக்கும் புரட்டுக்கும் உள்ள வித்தியாசம் சொல்லில் இல்லை, தோழர்களே! இரண்டு பேரும் சொல்லும் சொல் ஒன்றே. ஒருவர் தம் குறையைத் தாமே எண்ணிக் காட்டுகிறார். மற்றவர் எண்ணவே விடமாட்டார்.

ஆகவே, வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பாருங்கள். மஞ்சளாக ஒளிரும் ஒவ்வொரு துளியும் ஓர் அணுவும் அதன் இடமும் சேர்ந்து செய்த காரியம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னதில் சந்தேகம் தோன்றினால் சந்தோஷமே. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். தெரிந்த பதிலைச் சொல்லுகிறோம். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிட்டு, உங்களோடு சேர்ந்து தேடுகிறோம்.